ஒற்றைக்காலில் நின்றவர்

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க... விழுந்தா எம்மேலதான் விழுவீக."

முன்னால் ஒற்றைக்காலில் தள்ளாடிக்கொண்டிருந்தவரிடம் கற்பகவல்லி சொன்னாள். திருத்தங்கல் கல்யாண மண்டபத்தில் முதியோர் முகாம். யாருக்கு விழும் ஆபத்து இருக்கிறது என்று நிற்க வைத்தும் நடக்க வைத்தும் பார்த்தார்கள்.

அவர் திரும்பினார். அந்தக் கண்கள்... நரைத்த புருவங்களுக்குக் கீழே அப்படியே இருந்தன.

பாண்டிச்செல்வம்.

இளவயதில் இருவரும் விஸ்வநத்தத்தில் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். மழை வந்தால் வேலை நின்றுவிடும். எல்லோரும் ஷெட் வாசலில் ஒதுங்குவார்கள். அவர் பேசமாட்டார், பார்ப்பார்... அவ்வளவுதான். அந்தப் பார்வைக்காகவே அவள் மழை வராதா என்று ஏங்கியதுண்டு. பிறகு அவளை ஆலங்குளத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்கும் கல்யாணம் ஆனது. இப்போது இருவருமே துணையை இழந்தவர்கள்.

"கற்பகம்... நீயா? நல்லாருக்கியா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் நிக்கேன். நீங்கதான் ஆடுதீக."

அவர் சிரித்தார். வீம்பாக மறுபடியும் காலைத் தூக்கினார். சரிந்தார். சோதித்துக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் ஓவியா தாங்கிப் பிடித்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து, கோடு வரை நடந்து திரும்பச் சொன்னாள். திரும்பும்போது தடுமாறினார்.

"ஐயா, நீங்க விழ வாய்ப்பு அதிகம். இங்க வாரா வாரம் நடக்குற பயிற்சிக்கு வந்தா குறைக்கலாம். இதுக்கு முன்னாடி விழுந்திருக்கீங்களா?"

"இல்ல. எனக்கு ஒண்ணுமில்ல."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறிவிட்டார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. வாசலிலேயே நின்றவரின் பக்கத்தில் கற்பகவல்லி வந்து நின்றாள். அவர் முழங்கையில் ஆறாத காயம்.

"விழுந்திருக்கீக. ஏன் மறைச்சீக?"

அவர் மழையையே பார்த்தார். "குளிக்கப் போனப்ப வழுக்கிருச்சு. மகனுக்குத் தெரிஞ்சா கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிருவான். இந்த ஊர விட்டுட்டு நான் எங்க போக?"

"இன்னொரு தடவ விழுந்து இடுப்பு ஒடிஞ்சா, கட்டில்தான் ஊரு." அவள் அவர் முழங்கைக் காயத்தையே பார்த்தாள். "எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் போனாரு. கூட இருந்து பாத்தவ நான். இன்னொருத்தர அப்படிப் பாக்க எனக்குத் தெம்பில்ல..."

அவர் மெல்லத் திரும்பினார். இன்னொருத்தர் என்று அவள் சொன்ன விதம் அவரை என்னவோ செய்தது.

"பயிற்சிக்கு வாங்க. நானும் வாரேன்," என்றாள் தரையைப் பார்த்தபடி.

"வாரா வாரமுமா?"

"ஆமா... வாரா வாரமும்."

பாண்டிச்செல்வம் பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஏலே, அப்பா பேசுறேன். போன மாசம் விழுந்துட்டேன், ஒங்கிட்ட சொல்லல. தப்புதான்... அங்கயெல்லாம் வரலலே. இங்கனயே பயிற்சிக்குப் போறேன். தொணைக்கு ஆள் இருக்கு."

யாரென்று மகன் கேட்டிருக்க வேண்டும். அவர் கற்பகவல்லியைப் பார்த்தார். இந்த முறை பேசினார்.

"எனக்குப் பிடிச்சவக. சின்ன வயசுல இருந்தே பிடிச்சவக. அவககிட்டயே இன்னும் சொன்னதில்ல... இப்பதான் சொல்லுதேன்."

கற்பகவல்லி சட்டென்று பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.