கேட்காமல் போன டிக்

அந்த 'டிக்' சத்தம் கேட்கவில்லை.

சமையலறையில் உருளைக்கிழங்கு சூப்பை ஊதிக்கொண்டிருந்த லோவெல் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினான். அமெரிக்காவில் மினசோட்டாவின் வடக்கு மூலையில் முப்பது வருடமாக நிலவறைகளுக்குள் இறங்கி, வீட்டைச் சூடேற்றும் கேஸ் ஃபர்னஸ் பழுது பார்ப்பவன். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் சின்ன ஃபேன் முனகிப் புகைக்குழாயில் தேங்கிய காற்றை வெளியே தள்ளும். குழாய் அடைபடவில்லை என்றால்தான் அழுத்த சுவிட்ச் 'டிக்' என்னும். அப்புறம்தான் பற்றவைக்கும் கம்பி சிவந்து, கேஸ் திறந்து, முதல் படியில் சின்னத் தீ பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் பெரிய ஃபேன் அறைகளுக்குள் சூட்டை ஊதும். பன்னிரண்டு நிமிடத்தில் வீடு சூடேறாவிட்டால் இரண்டாம் படி, முழுத் தீ.

இன்று ஃபேன் முனகியது. டிக் இல்லை. தீ மட்டும் பிடித்துவிட்டது.

மதியம் மூன்று மணிக்கே பனிப்புயல் சன்னல்களை வெள்ளையாக அடைத்திருந்தது. முன்னறை நாற்காலியில் காய்ச்சலோடு போர்வைக்குள் கிடந்த மனைவி டார்லா, "சூடுதான் வருதுல்ல, பேசாம உக்காரு. ஊர்ல ஒருத்தன் வீட்டுக்கும் நீ சொன்ன நாள்ல போனதில்ல, நம்ம வீட்டுக்கு மட்டும் என்ன அவசரம்," என்றாள்.

டிக் இல்லாமல் தீ பிடிக்க ஒரே வழி, சுவிட்சின் இரண்டு ஒயரையும் முறுக்கிச் சேர்த்துவிடுவது. புது சுவிட்ச் வரும்வரை வீடு உறையாமல் இருக்கட்டும் என்று தொழில்காரர்கள் வெளியே சொல்லாமல் செய்வது. போன மாதம் கிழவர் ஆர்னி வீட்டில் அவன் செய்ததும் அதுதான். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னான். போகவில்லை. "ஏண்டா லோவெல், உன் திங்கக்கிழமை எந்த மாசத்துல வரும்?" என்று ஆர்னி இரண்டு தடவை போனில் கிண்டல் செய்தார்.

மூன்றாம் வாரம் போனபோது புகைக்குழாயின் வாயைப் பனிக்கட்டி மூடி, விஷப்புகை வீட்டுக்குள்ளேயே தேங்கியிருந்தது. நாற்காலியில் ஆர்னி. அந்தப் புகை ஏறியதில் கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று. மூச்சு லேசாக ஓடிக்கொண்டிருந்தது. இழுத்து வெளியே போட்டிருக்கலாம். லோவெல் மூச்சை அடக்கிக்கொண்டு முதலில் கீழே இறங்கினான். தான் முறுக்கிய ஒயரைத் தடயமில்லாமல் பிரித்தான், மூடியின் நான்கு ஸ்க்ரூவையும் நிதானமாக முடுக்கினான். மேலே வந்தபோது மூச்சு நின்றிருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். சுவிட்ச் கோளாறு என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள்.

இப்போது தன் வீட்டு நிலவறைப் படிகளில் இறங்கினான். ஈர சிமெண்டு வாடைக்கு நடுவே செத்துப்போன ஆர்னி பிடிக்கும் சுங்கான் புகையிலை மணத்தது. மூடியைக் கழற்றினான்.

இரண்டு ஒயர். மூன்று முறுக்கு. மேலே நீல டேப்.

ஆர்னி வீட்டில் அவன் போட்ட அதே முறுக்கு. அதே டேப்.

பிய்த்து எறிந்தான். தீ அணையவில்லை. கரண்டை நிறுத்தினான். கேஸ் குழாயைத் திருகினான். தீ அப்படியே நீலமாய் நின்றது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டாம் படித் தீ உறுமிக்கொண்டு எழுந்தது.

"டார்லா, வெளிய போ."

பதில் சூட்டுக்குழாய் வழியாக வந்தது. டார்லாவின் குரல் இல்லை.

"மொதல்ல ஒயரைப் பாருடா லோவெல். அப்பறமா மேல வா."

ஓட நினைத்தான். கால் அசையவில்லை. கைதான் அசைந்தது. மூடியை எடுத்தது. பொருத்தியது. ஸ்க்ரூ முடுக்கியது. நிதானமாக. ஒன்று. இரண்டு. மூன்று. அவன் கத்தினான். கை நிற்கவில்லை. நான்கு.

கால் விடுபட்டது. ஏறி ஓடினான்.

தீ அணைந்துவிட்டிருந்தது. பெரிய ஃபேன் மட்டும் மிச்சச் சூட்டை ஊதிக்கொண்டிருந்தது. நாற்காலியில் டார்லா. கன்னம் செக்கச்செவேலென்று. கண் திறந்திருந்தது. நெற்றி மயிர் சூட்டுக்காற்றில் மெல்ல எழுந்து ஆடியது.

ஃபேன் நின்றது. மயிர் படிந்தது.

கீழே சின்ன ஃபேன் மறுபடி முனகத் தொடங்கியது. இந்தத் தடவை டிக் கேட்டது.

டார்லாவின் மூடிய வாய்க்குள்ளிருந்து.