கோட்டைக் கதவுக்குக் கொசுறு

திருப்பனந்தாளைத் தாண்டி, கொள்ளிடக் கரையோரம் அந்தக் கோட்டைக்குப் போய் இறங்கினோம். மதில் முழுக்க மண்மேடு. அகழியில் குறுவை நட்டிருந்தார்கள். நின்றது வாசற்கதவு மட்டும், யானை முட்ட முடியாதபடி முள் பதித்த தேக்கு. அதன் வயிற்றில் ஒரு திட்டிவாசல். பெரிய கதவைச் சாத்திய பிறகு ஆள் போகவர வைத்த சின்னக் கதவு.

“ஏன் இவ்ளோ குட்டையா வெச்சான்?” என்று கேட்டேன்.

“குனிஞ்சா தலை முன்னால வரும்ல தம்பி. வேண்டாத ஆளா இருந்தா வெட்ட வசதி,” என்றார் கோட்டை நிலத்துக்குச் சொந்தக்காரரான இராஜாங்கம். அவர் சிரிக்கவில்லை.

என் மச்சான் ஜெக்கரியா பழைய மரச்சாமான் வியாபாரி. துக்கம் கேட்கப் போன வீட்டில் பெஞ்சுக்கு விலை பேசுகிறவர். அன்று அந்தக் கதவுக்கு அவர் சொன்ன முதல் விலைக்கே இராஜாங்கம் தலையாட்டிவிட்டார். யாராவது அப்படித் தலையாட்டினால் மச்சானுக்குச் சோறு இறங்காது. எதையோ விட்டுவிட்டோம் என்று உறுத்தும்.

“கொசுறு என்ன தர்றீங்க?”

“என்ன வேணும் பாய்?”

“கதவோட சேர்ந்தது எல்லாம் எனக்குத்தான். அப்புறமா வந்து கொண்டி என்னுது, ஆணி என்னுதுன்னு நிக்கக் கூடாது.”

இராஜாங்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லிட்டிருந்ததாக மச்சான் பிறகு சொன்னார்.

“எல்லாம் உங்களுக்குத்தான். இன்னொரு தரம் நீங்களே வாயால சொல்லிடுங்க.”

மச்சான் சொன்னார்.

கதவை எங்கள் கிடங்குக்கும் வீட்டுக் கொல்லைக்கும் நடுவே முட்டுக்கொடுத்து நிறுத்தினோம். இரு பக்கமும் சுவர் கிடையாது. வேண்டுமானால் சுற்றிக்கொண்டு போகலாம்.

பொழுது சாயும்போது எங்கோ கொம்பு ஊதியது. கல்யாண மண்டபம் என்று நினைத்தோம். பிறகு வாசம் வந்தது. குதிரைச் சாணம், தீவட்டி எண்ணெய், நெல் அவிக்கிற ஆவி.

ஒரு மாலை திடீரென்று மழை. என் அக்கா நஃபீசா, மச்சானின் மனைவி, கொல்லைக் கொடியிலிருந்த துணிகளை அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். குறுக்கு வழி என்று திட்டிவாசலுக்கு வந்தாள். இந்தப் பக்கம் துணியை வாங்க நான் கை நீட்டி நின்றேன்.

குனிந்தாள்.

தலை நுழைந்தது.

என் கைக்கு எதுவும் வரவில்லை.

சின்னக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நான் சுற்றி ஓடினேன். அந்தப் பக்கம் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. ஆனால் அந்தத் தேக்குப் பலகைக்குள், ஒரு சாண் கனத்துக்குள், ஓர் ஊரே இருந்தது. யானைச் சங்கிலி இழுபட்டது. யாரோ கொள்ளு கேட்டுக் கத்தினான். வரிசையாக உலக்கைகள் விழுந்தன. நடுவே அக்காவின் குரல்.

“மச்சான்! நெல்லு குத்தச் சொல்றாங்க மச்சான். தெறங்க!”

ஜெக்கரியா கடப்பாரையால் இடித்தார். உள்ளேயிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது.

“விளக்கு வெச்சாச்சு. விடிஞ்சு வா.”

விடிந்து திறந்தோம். கொல்லை, கொடி, ஒரு கோழி.

மாலைதோறும் அவள் அழைத்தாள். கைத்தோல் உரிந்துவிட்டது என்றாள். மச்சான் ரம்பத்தை வைத்து அறுக்கப் பார்த்தார். பல் பதிந்ததும் உள்ளே அவள் அலறினாள். ரம்பத்தை வீசிவிட்டு அதே பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார்.

பிறகொரு மாலை அவள் கேட்டாள். “வெளியில யாரு?”

“நான்தான் நஃபீசா.”

“எந்த நான்?”

மறுநாளே இராஜாங்கத்தை அழைத்து வந்தோம்.

“கதவை எடுத்துக்குங்க, காசே வேணாம்,” என்றார் மச்சான்.

“கேட்டு வாங்கினவர்கிட்டதான் பாய் அது நிக்கும். கோட்டை இடிஞ்சாலும் உள்ள வேலை நிக்கலை. குத்த, சமைக்க, குதிரை தேய்க்க ஆள் வேணும்.” இராஜாங்கம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆளுக்கு ஆள் கேட்டுப் பாருங்க. கொம்பு ஊதினதும் கேளுங்க.”

கொம்பு ஊதியது.

“நான் வர்றேன்! ஒரு ஆளை வெளியில விடு!”

“சரி,” என்றது குரல்.

முதல் விலைக்கே.

எனக்கு உறுத்தியது. அதற்குள் மச்சான் குனிந்துவிட்டார். அவர் கால் மறைந்த இடத்தில் ஒரு பெண் தலை வெளியே வந்தது. தலையெல்லாம் தவிடு.

அக்கா இல்லை.

“காளியம்மா!” இராஜாங்கம் ஓடிப்போய் அவளைத் தாங்கினார். அவர் மனைவி. கல்யாணமான புதிதில் அந்த வாசலில் நுழைந்தவளாம். அவர் தலை நரைத்திருந்தது, அவளுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் பேரம் பேசிய மச்சான், யாரை விட வேண்டும் என்று பெயர் சொல்லாமல் முடித்துவிட்டார். முன்னால் போனவள் முன்னால் வந்துவிட்டாள்.

“எனக்கும் வேற வழி தெரியல தம்பி,” என்றார் இராஜாங்கம், அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டே.

இப்போது மாலையில் மச்சானின் குரல் வருகிறது.

“ஷஹ்பாஸ், பேசி முடிச்சுட்டேன்டா. ஒரு ஆள் அனுப்பு, எங்க ரெண்டு பேரையும் விட்டுடறானாம். இந்தத் தடவை பேர் சொல்லித்தான் பேசினேன். உங்க அக்காவுக்கு என் முகமும் மறந்துபோச்சு. சீக்கிரம்.”

இன்று கதவு பார்க்கப் புதுச்சேரியிலிருந்து ஒரு விடுதிக்காரர் வந்தார், மனைவியோடு. வந்து சேர அந்தி சாய்ந்துவிட்டது.

“பக்கத்துல ரைஸ் மில்லா? இடிக்கிற சத்தம் கேக்குதே.”

“ஆமாங்க,” என்றேன்.

விலை சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் முகம் சுருங்கியது. அந்தச் சுருக்கம் எனக்குத் தெரியும். அவர் மனைவி திட்டிவாசலுக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இதோட சேர்ந்தது எல்லாம் எங்களுக்குத்தானே தம்பி?”

நான் வாயைத் திறந்தேன்.

கதவுக்குள் உலக்கைகள் அத்தனையும் ஒன்றாக நின்றன.