அக்கரை டாக்டர்

"கையை எடுங்க! இது எங்க மாடு!"

அவள் கத்தியது அத்தனை மழையிலும் பாலம் முழுக்கக் கேட்டது. மாட்டின் பின்னால் மண்டியிட்டிருந்த அந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மாடு உங்களுதுதாங்க. யாரு இல்லேன்னா? ஆனா கன்னு முன்னங்காலை மடக்கிக்கிட்டு வெளிய வர மாட்டேங்குது. சண்டையா, கயிறா... எது முதல்ல?"

அவள் கால்நடை மருத்துவர். இந்த ஆற்றங்கரைக்கு மாற்றலாகி வந்து ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. ஆற்றின் நடுவே புல் மண்டிய மணல்திட்டு ஒன்று இருந்தது. அது தங்களுடையது என்று இரண்டு நாடுகளும் பல தலைமுறையாக மல்லுக்கு நின்றன. மாடுகளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்... இந்தக் கரையில் இறங்கி, திட்டில் மேய்ந்து, அந்தக் கரையில் ஏறிவிடும். பிடிபட்ட மாடுகளைப் பாலத்தின் நடுவே போட்டிருந்த மஞ்சள் கோட்டில் வைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். இரண்டு பக்கத்து ராணுவமும் நிற்கும். இரண்டு பக்கத்து மருத்துவர்களும் பார்த்து நோய் இல்லை என்று சொன்னால்தான் மாடு கோட்டைத் தாண்டலாம்.

அன்று தாண்ட வேண்டிய சினைமாடு கோட்டின்மேலேயே படுத்துவிட்டது.

"உங்க கை சின்னது. நீங்க விட்டுப் பாருங்க," என்று அக்கரை மருத்துவனான அவன் நகர்ந்து இடம் கொடுத்தான். அவள் கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டாள். மடங்கிய குளம்பை உள்ளங்கையில் பொத்தி, மெல்ல மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். மாடு முக்கியபோது அவன் கயிற்றை இழுத்தான். அது ஓய்ந்தபோது விட்டான். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. மூச்சு இல்லை! அவன் மூக்கை வழித்துவிட, அவள் துரும்பால் நாசியைக் குடைந்தாள்.

ஒரு தும்மல்...

அப்போதுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவன் இமைகளிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. உதடு சிரிக்கவில்லை... கண்கள் மட்டும் சிரித்தன. 'இப்படியா பார்ப்பான் ஒரு ஆள்?' அவள் சட்டென்று கன்றைத் துடைக்கத் தொடங்கினாள்.

அவன் பக்கத்து அதிகாரி தொண்டையைச் செருமினார். "மாடு அவங்களுது, சரி. ஆனா கன்னு கோட்டுக்கு இந்தப் பக்கம்ல விழுந்திருக்கு?"

"அப்போ பால் நீங்க குடுப்பீங்களா, சார்?" என்றாள் அவள்.

இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கன்று தாயோடு வந்தது.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு குடியிருப்பு இன்னும் வெறிச்சென்று இருந்தது. ஒரு அறை, ஒரு நாற்காலி. எல்லையோரம் என்பதால் யாரும் குடும்பத்தை அழைத்து வருவதில்லை. நாளெல்லாம் மாடுகளோடுதான் பேச்சு. சில நாள் மாலையில், தன் குரல் எப்படி இருக்கும் என்றே அவளுக்கு மறந்துவிடும்.

இரண்டு நாடுகளுக்கும் நடுவே தபாலும் இல்லை, தொலைபேசியும் இல்லை. கோமாரி நோய் பரவினால் தகவல் சொல்லிக்கொள்ள மருத்துவமனையில் ஒரே ஒரு ஃபோன் விட்டுவைத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் பேசலாம். இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கும்.

"கோமாரி இல்லை. அங்க?"

"இங்கயும் இல்லை."

"சளி?"

"மாட்டுக்கா?"

"டாக்டரம்மாவுக்கு. அன்னைக்கு அப்படி நனைஞ்சீங்களே..."

"அக்கரை டாக்டருக்கு ரொம்பத்தான் அக்கறை!"

"எழுதினாத்தாங்க வேற வேற. சொல்லும்போது ஒண்ணுதான்."

சிரித்தாள். வாரா வாரம் கோமாரி ஒரு வார்த்தையில் முடிந்தது. மிச்சமெல்லாம் வேறு. ஒருநாள் அவன் சொன்னான்: "நான் நின்னுக்கிட்டேதான் சாப்பிடுவேன். எதிர்ல யாரும் இல்லாம உட்கார்ந்தா என்னமோ மாதிரி இருக்கு." அன்று தன் நாற்காலியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

அண்ணனிடம் அவளால் எதையும் மறைக்க முடியாது. அம்மா, அப்பா போனபின் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவன் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் பேசும்போது சொல்லிவிட்டாள். அண்ணன் முன்னாள் சிப்பாய்.

"பாப்பா... என் காலு அந்தத் திட்டுலதான் கிடக்கு. நீ யாரை வேணா கட்டிக்கோ. அந்தக் கரையில மட்டும் வேணாம்மா."

குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அடுத்த திங்கள், "நோய் இல்லை. வைக்கட்டுமா?" என்றாள்.

"எம்மேல கோபமா?"

"வேலை இருக்கு."

பிறகு அவனும் கேட்கவில்லை. அவனுக்கும் ரோஷம் இருக்காதா? 'இல்லை', 'இங்கும் இல்லை'... அவ்வளவுதான். வைத்தபின் ஃபோனின்மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருப்பாள்.

மழை ஓய்ந்த சமயம் திட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பேச்சுவார்த்தை முறிந்தது. அவள் பக்கத்து அதிகாரி வந்தார். "இன்னையோட இந்த லைனும் கிடையாது, டாக்டர். சொல்றதை இப்பவே சொல்லிடுங்க."

"கோமாரி இல்லை," என்றான் அவன்.

"இங்கயும்..." அவள் அதிகாரிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். "ஒண்ணு சொல்லணும். கேக்கறவங்க கேட்டுக்கட்டும். எங்க அண்ணன் அந்தத் திட்டுல காலை இழந்தவரு. அதான் உங்ககிட்ட முகம் குடுத்துப் பேசல. கோபமெல்லாம் இல்ல... திங்கட்கிழமை வருதேன்னுதான் மத்த நாளெல்லாம் தள்ளினேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

அவனும் அவசரமாகச் சொன்னான்.

"எங்கப்பா அங்க போனவருதான்... திரும்பி வரல. சொன்னா நீங்க பேச மாட்டீங்களோன்னு பயந்து மறைச்சுட்டேன். எனக்கும்தாங்க... பாலத்துலேருந்தே."

லைன் அறுந்தது. வெறும் இரைச்சல்கூட மிஞ்சவில்லை.

அறைக்கு வந்து அண்ணனை அழைத்தாள். "அண்ணா... அவர்கிட்ட சொல்லிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"அவரும்தானாம். அவங்கப்பா அந்தத் திட்டுலேருந்து திரும்பவே இல்லையாம்ணா."

ஊன்றுகோலைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது. அண்ணன் உட்கார்ந்துவிட்டான்.

"இனிமே எப்படிப் பேசுவீங்க?"

"வழியே இல்லண்ணா... மூடிட்டாங்க." அதற்குமேல் முடியவில்லை. "நான் வெச்சுடறேன்..."

"வைக்காத. நான் சரின்னு சொல்லல. ஆனா அங்க ஒத்தையில உட்கார்ந்து நீ அழ வேணாம். ஃபோன் அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவள் அழுது ஓயும்வரை அண்ணன் ஃபோனை வைக்கவில்லை. பிறகு மெல்லக் கேட்டான்.

"ஆமா... ஆளு எப்படி இருப்பான்?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.