கல்நங்கூரம் மூழ்கிய கதை

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, சிங்காநல்லூரில் மரகதவல்லி வீட்டு மேசைத்திரையில் ஒரு துறைமுக நகரம் காணாமல் போனது. கல்நங்கூரம் இருந்த இடத்தில் வெறும் நீலம்.

"இங்கே நகரம் இல்லை," என்றது ஒப்புநோக்கி. "கல்நங்கூரம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கடலில் மூழ்கியது. இந்த வாரம் வெளியான பத்தொன்பதாம் நூல், பக்கம் பன்னிரண்டு."

"போன வாரம் அங்கதானே தங்குனோம்," என்றாள் பர்வீன்.

அவர்கள் ஆறு வருடங்களாக 'உப்பாழி' என்ற கதையாட்டத்தை ஆடி வந்தார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, இக்கட்டு வந்தால் பகடை உருட்டி, கூடிச் சொல்லும் கதை. பம்புசெட் நிறுவனத்தில் வடிவமைப்பாளரான மரகதவல்லிதான் கதைநடத்துநர். உப்பாழியின் தீவுகள், அரசர்கள், போர்கள் எல்லாவற்றையும் ஒரு பதிப்பகம் நூல் நூலாக வெளியிட்டது. நூல்கள் பெருகியபோது அவற்றுக்குள் முரண்களும் பெருகின; எது சரி என்று ஆட்டக்காரர்கள் சண்டை போட்டார்கள். அதைத் தீர்க்க வந்ததுதான் ஒப்புநோக்கி, சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. மேசைப்பேச்சைக் கேட்டு, நூலுக்கு மாறாக எது வந்தாலும் திருத்தும். நூல்களே ஒன்றோடொன்று முரண்பட்டால் இரண்டும் பொருந்துகிற மாதிரி புதிய வரலாறு ஒன்றைத் தானே எழுதி அடுத்த நூலில் சேர்த்துவிடும்.

இருதயராஜ் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப வெண்ணி?"

"வெண்ணி என்ற பெயர் எந்த நூலிலும் இல்லை," என்றது கருவி.

வெண்ணி கல்நங்கூரத்து ஓடக்காரி. இருதயராஜின் மனைவி ஸ்டெல்லா உருவாக்கி ஆடிய பாத்திரம். ஸ்டெல்லா இறந்து இரண்டு வருடம் ஆகியும் மரகதவல்லி வெண்ணியைச் சாகவிடவில்லை. கதை அந்தத் துறைமுகத்தைத் தொடும்போதெல்லாம் அவளே வெண்ணியாக நாலு வார்த்தை பேசுவாள். இருதயராஜ் அதைக் கேட்டு வாங்கியதில்லை. ஆனால் எந்தத் தீவுக்குப் போவதானாலும் கல்நங்கூரம் வழியாகத்தான் போக வேண்டும் என்பார்.

மறுநாள் மரகதவல்லி பதிப்பகத்தின் உதவி எண்ணை அழைத்தாள். அங்கேயும் ஓர் இயந்திரக் குரல். கல்நங்கூரம் இருப்பதாக எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டது. எங்கள் மேசையில் ஆறு வருடமாக இருக்கிறது என்றாள். மேசை ஆதாரம் ஆகாது என்றது. மனிதர் யாரிடமாவது கொடு என்றாள். அவர்களும் என்னிடம் கேட்டுத்தான் பதில் சொல்வார்கள் என்று, கொஞ்சமும் கோபப்படாமல் சொன்னது. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. வக்கீலான பர்வீன் எழுதிக்கொடுத்த ஆறு பக்க மனு, 'அச்சேறாத ஆவணம்' என்ற ஒற்றை வரியோடு அன்று மாலையே திரும்பி வந்தது.

காகிதத்தில் வரைபடம் போட்டு, சாதாரணப் பகடையை வைத்துக் கருவியில்லாமலே ஆடலாம் என்று மரகதவல்லி சொல்லிப் பார்த்தாள்.

"வேண்டாங்க," என்றார் இருதயராஜ். "அப்படி ஆடினா அவள நாமளா கட்டிவிட்ட மாதிரி ஆயிடும்."

நாமே கட்டியதுதானே எல்லாம் என்று அவள் வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

கடைசியில் உப்பாழியை முதன்முதலில் எழுதிய தேவசகாயத்தை நாகர்கோவிலில் தேடிப் பிடித்தார்கள். தொலைபேசியில் அவர் இவர்களைவிடச் சலித்துப்போயிருந்தார். நகரத்தை அவர் மூழ்கடிக்கவே இல்லை. கல்நங்கூரத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் தூரம் நாற்பது காதம் என்று இரண்டாம் நூலில் எழுதியிருந்தார். நான்காம் நூலில் அது பதினான்கு என்று தப்பாக அச்சாகிவிட்டது. இரண்டையும் பொருத்திப் பார்த்த ஒப்புநோக்கி, விளக்கத்திலிருந்து பதினான்கு காதத்தில் இருப்பது நடுக்கடல்தான், ஆகவே நகரம் மூழ்கியிருந்தால்தான் கணக்குச் சரிவரும் என்று கண்டுபிடித்து அதை மூழ்கடித்துவிட்டது. அது அச்சுப்பிழை என்று அவர் மூன்று முறை எழுதிப் போட்டாராம்.

"நான் எழுதினதுக்கு நானே சாட்சி சொல்லப்பிடாதாம்," என்றார். "அச்சுல இருந்தாத்தான் ஒத்துக்கிடுமாம்."

பர்வீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப அச்சடிச்சிரலாம்."

மூன்று வாரம் வேலை நடந்தது. இருதயராஜ் பழைய நோட்டுகளைப் புரட்டி, ஸ்டெல்லா வெண்ணியாகப் பேசியதாகத் தமக்கு நினைவிருந்ததையெல்லாம் எழுதினார். மொத்தம் நாற்பத்தோரு வரிகள் தேறின. தேவசகாயம் முன்னுரையும் பிழைதிருத்தமும் கொடுத்தார். 'வெண்ணி: ஓர் ஓடக்காரியின் வரலாறு' என்ற இருபது பக்கச் சிறுநூல் அச்சாகி, உப்பாழியை எழுதியவரின் முன்னுரை இருந்ததால் பதிப்பகத்தின் பட்டியலிலும் ஏறியது.

அடுத்த ஞாயிறு மேசைத்திரையில் கல்நங்கூரம் மீண்டும் எழுந்தது. படித்துறையில் வெண்ணி என்று பெயரே போட்டிருந்தது. இருதயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அன்று மரகதவல்லி வெண்ணியாக ஒரு வரி பேச, அது நூலின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார்.

அதற்கடுத்த வாரம் கதையில் புயல். ஓடம் விட முடியாத நிலையில், மரகதவல்லி வெண்ணியின் குரலில், "என்னை நம்பி வராதீங்க, எனக்கே இன்னிக்குப் பயமா இருக்கு," என்றாள்.

இருதயராஜ் கையை உயர்த்தினார்.

"அவ அப்படிப் பேச மாட்டாளுங்க."

மரகதவல்லி ஒப்புநோக்கியைப் பார்த்தாள். அதன் விளக்கு பச்சையாகவே எரிந்தது. அதற்கு ஆட்சேபணை ஏதும் இல்லை.

"கருவியே ஒத்துக்குச்சுங்க," என்றாள் பர்வீன்.

"அது ஒத்துக்கும். அதுக்கு அவளத் தெரியாது. பயம்னு அவ ஒரு நாளும் சொன்னதில்ல. புத்தகத்துல பாருங்க."

ஸ்டெல்லா ஆடிய காலத்தில் வெண்ணி ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரம் சொல்லாத ஒன்றைத்தான் சொன்னாள் என்பது மரகதவல்லிக்கு நன்றாக நினைவிருந்தது. அதைச் சொல்ல அவள் வாயெடுத்தாள். ஆனால் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவர் கேட்பார்.

"சரி, அப்ப என்ன சொல்லுவா?" என்று கேட்டாள்.

இருதயராஜ் சிறுநூலைத் திறந்து நிதானமாகப் பக்கங்களைப் புரட்டினார். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, விரலை வைத்து வாசித்தார்.

போன வாரம் கேட்ட அதே வரி.