காற்றுக்கும் வெயிலுக்கும் பெரட்டு

பலத்த காற்றில் கம்பி அறுந்தால், பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்கு மூன்று நாள் மின்சாரம் வராது. அந்த நாட்களில் தம்பி ஜொனி இரவில் சாப்பிட மாட்டான். அவனுக்கு இருட்டு என்றால் பயம். வாயை இறுக மூடிக்கொண்டு, அக்கா அஞ்சலினின் கையைப் பிடித்தபடி இருப்பான்.

“கரண்டு எடுக்குற காத்தாடி ஒன்னு வாங்கிருவோம்,” என்றார் அப்பா. “தகரத்தையே தூக்குற காத்து. ஒரு பல்ப எரிக்காதா?”

“சோலார் வாங்குனா என்னப்பா?”

“ரெண்டுல ஒன்னுதான் வாங்க முடியும். இந்தப் பனிமூட்டத்துல வெயில எங்க தேடுறது?”

அப்பா தோட்டத்தில் கங்காணி. தினமும் காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் நின்று, வேலைக்கு வந்தவர்களுக்கு ஏட்டில் பேர் போடுவார். பாதி நாளில் திரும்பியவர்களுக்கு அரைப் பேர்.

அஞ்சலின் எழுதி முடிக்காத ஒரு பழைய பள்ளிக் கொப்பியை எடுத்தாள். துணி காயப்போடும் கம்பத்தில் பொலித்தீன் நாடா ஒன்றைக் கட்டினாள். நாடா படபடத்தால் காற்றுக்குப் பேர். கூரையில் வெயில் விழுந்தால் வெயிலுக்குப் பேர்.

பள்ளி விடுமுறை முடியும்போது கொப்பியை நீட்டினாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“பதினாலு நாள்ல காத்துக்கு ரெண்டே பேரா?”

“ஆமாப்பா. வந்துச்சு, கம்பிய அறுத்துச்சு, ஓடிப்போச்சு. நாம இருட்டுல இருந்தப்ப அது வரவே இல்ல.”

“வெயிலு?”

“பதினோரு நாள். ஆனா எல்லாம் அரைப் பேருதான். ரெண்டு மணிக்குப் பனிமூட்டம் வந்ததும் போயிருது.”

“அப்ப ராத்திரிக்கு?”

“காலையில பேட்டரியில பிடிச்சு வச்சுக்கலாம்.”

“என் வேலைக்கு ஆள் வந்திருச்சு!” என்று அப்பா சிரித்தார்.

அஞ்சலின் சிரிக்கவில்லை. “நம்ம கூரைய மரம் மறைக்குதுப்பா. நான் பேர் போட்டது பக்கத்து வீட்டுக் கூரைக்கு.”

அப்பாவின் சிரிப்பு நின்றது. பக்கத்து வீட்டுக் கருப்பம்மாவின் போஞ்சிச் செடிகளை இவர்களின் கோழி கொத்தித் தின்றதிலிருந்து, அவர் இவர்களோடு பேசுவதில்லை.

மாலையில் அஞ்சலின் தனியாகவே போனாள்.

“பெரியம்மா, உங்க கூரையில ஒரு சோலார் தகடு வைக்கட்டுமா?”

“உங்க கோழி என் போஞ்சியத் தின்னுச்சு. இப்ப கூரையுமா?”

“உங்களுக்கும் ஒரு பல்ப் போட்டுத் தர்றோம். ஜொனி இருட்டுல சாப்பிட மாட்டேங்குறான், பெரியம்மா.”

கருப்பம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கும் இருட்டுல சோறு இறங்காது. தனியாத்தானே இருக்கேன். யாருகிட்டயும் சொல்லிராத.”

“சொல்ல மாட்டேன்.”

“கோழிய மட்டும் கட்டிப் போடு.”

அடுத்த மாதம் காற்று மறுபடியும் கம்பியை அறுத்தது. அன்று மாலை, இரு வீடுகளுக்கும் பொதுவான ஒரே சுவரின் இரு பக்கமும் இரண்டு பல்புகள் எரிந்தன. ஜொனி வாயைத் திறந்தான்.

சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. “ஜொனி, சாப்பிடுறியாடா?”

“சாப்பிடுறேன், பெரியம்மா! நீங்க?”

“நானுந்தான்!”

அஞ்சலின் கொப்பியைத் திறந்தாள். இருவருக்கும் முழுப் பேர் போட்டாள்.