பதில் தட்டு

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், புளோறன்ஸ் அன்ரியின் மேல்மாடி அறைக்கு அருந்ததி வந்து சேர்ந்தபோது அவளிடம் இருந்தவை ஒரு சூட்கேஸ், யாழ்ப்பாணத்தவருக்குக் கொழும்பில் கட்டாயமான பொலிஸ் பதிவுத் துண்டு, ஏழு வயது மகள் நிறோஜினி. கணவன் கனடாவில். விசா வரும்வரை, அது ஒரு மாதமோ ஒரு வருடமோ, தாயும் மகளும் இங்கேதான் காத்திருக்க வேண்டும்.

அறை மோசமில்லை. ஜன்னலால் கடல்காற்று வந்தது. ரயில் போகும்போது கட்டில் நடுங்கியது. ஒரு சுவரை மட்டும் பழைய அலுமாரியொன்று மறைத்துக்கொண்டு நின்றது. தண்ணீருக்கும் சத்தத்துக்கும் நீட்டி முழக்கிச் சட்டம் சொன்ன அன்ரி, படியிறங்கப் போகும்போது திரும்பி நின்றாள்.

"அந்த அலுமாரியை மட்டும் அசைக்க வேணாம் மகள். சுவர் சரியில்ல."

ஈரச்சுவராக்கும் என்று அருந்ததி நினைத்துக்கொண்டாள்.

அந்த வருடம் கொழும்பு முழுக்க மின்வெட்டு. பொழுதுபட்டதும் கரண்ட் போய்விடும். நிறோவுக்கோ இருட்டென்றால் உயிரே போய்விடும். யாழ்ப்பாணத்தில் பங்கருக்குள் இருந்த இருட்டு இன்னும் அவளை விட்டபாடில்லை. குரல் வைத்து அழுவாள். உடனே படிக்கட்டில் அன்ரியின் "ஷ்ஷ்" கேட்கும். புதிதாக வந்தவர்கள் யாரென்று ஒழுங்கை விசாரித்தால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் வீட்டுக்காரிக்கும் தொல்லை. பாவம், அன்ரியின் பயம் அவளுக்கு.

ஒரு பின்னேரம் அருந்ததிக்கு, தான் பள்ளிக்கூடத்தில் கேர்ள் கைட்டாக இருந்தது ஞாபகம் வந்தது.

"நிறோ, இண்டைக்கு நாங்கள் காம்ப் போறம்."

"எங்கையம்மா?"

"இஞ்சைதான். இதுதான் காடு."

கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினாள். மறு முனைக்குத் தோதான கொக்கி அலுமாரிக்குப் பின்னால்தான் இருந்தது. என்ன பெரிய குற்றம் என்று மூச்சைப் பிடித்துத் தள்ளினாள். சுவரில் ஈரமே இல்லை. ஆனால் கரி மணத்தது, நேற்று அணைத்த அடுப்பைப்போல.

"இது முகட்டுக் கயிறு. இதிலதான் கூடாரமே தொங்குது" என்று பெட்ஷீற்றை அதன்மேல் விரித்தாள். "பக்கத்தால இழுத்துக் கட்டுறது இழுகயிறு. அது தளர்ந்தா கூடாரம் படுத்திடும். இழுகயிறைக் கட்ட நிலத்தில அடிக்கிறது முளை." முளைக்குப் பதிலாகச் சூட்கேசும் அரிசிப் பையும் வந்தன. "கீழ போடுறது தரைவிரிப்பு. ஈரமும் பூச்சியும் ஏறாது."

"புலி வந்தா?"

அருந்ததி சட்டென்று கதவைப் பார்த்தாள். "மெதுவாக் கதை. இந்தக் காட்டில கரடி மட்டும்தான்."

"தனிய மாட்டிக்கொண்டா?"

"ஆபத்துச் சைகை குடுக்க வேணும். விசில் ஊதலாம், இல்லாட்டித் தட்டலாம். ஆறு தரம். கேக்கிற ஆள் மூண்டு தரம் பதில் தட்டும். 'வாறன்' எண்டு அர்த்தம். பதில் குடுத்தா கட்டாயம் போக வேணும் நிறோ. போகாம விட்டா அவள் கைட் இல்லை."

நிறோ தரையில் தட்டிப் பழகினாள். நாலு தட்டியதும் கணக்குத் தப்பிவிடுமோ என்ற பயம் வந்துவிடும். நின்று, ஒரு மூச்சு எடுத்து, பிறகு இரண்டு. எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தும் அப்படித்தான்.

"உன்ரை தட்டை எந்தக் காட்டிலயும் நான் கண்டுபிடிப்பன்" என்று அருந்ததி சிரித்தாள். அன்று பிள்ளை அழவில்லை. பிறகு ஒவ்வொரு பின்னேரமும் கூடாரம்தான்.

ஒரு பின்னேரம், உள்ளே இருவரும் ஒட்டிப் படுத்திருக்கையில், சுவர் தட்டியது.

ஆறு தரம். எங்கும் நிற்காமல், ஒரே சீராக. ஒரு பிள்ளையின் தோள் உயரத்தில்.

அருந்ததியின் கை எட்டுமுன் நிறோ மூன்று தரம் பதில் தட்டிவிட்டாள்.

"ஏன் தட்டினனீ?"

"ஆரோ தனிய நிக்கினம் அம்மா. நீங்கள்தானே சொன்னனீங்கள்."

சுவர் அமைதியானது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, விடிந்ததும் அருந்ததி போய்ப் பார்த்தாள். பக்கத்து வளவில் வீடே இல்லை. பற்றைக்குள் வாசற்படிகள் மட்டும் கிடந்தன. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்த சுவர் கரி பிடித்து நின்றது. மேல்மாடி உயரத்தில் அதற்கப்பால் வெறும் ஆகாயம்.

குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அன்ரியிடம் கேட்டாள். அன்ரியின் கை நின்றது.

"பதில் குடுத்தீங்களா?"

"பிள்ளை தட்டிப்போட்டுது."

அன்ரி சிலுவை போட்டுக்கொண்டாள். "பதின்மூண்டு வருஷம் மகள். நான் ஒருநாளும் பதில் குடுக்கல்ல. எண்பத்து மூண்டு கலவரத்தில அந்த வீட்டைக் கொளுத்தினாங்களே, அண்டைக்கும் குடுக்கல்ல. உள்ள ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டு தட்டிச்சு. சத்தம் காட்டியிருந்தா எங்களையும் கொளுத்தியிருப்பாங்கள்."

அருந்ததி அப்போதே மகளை இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினாள். அங்கே அன்ரியின் ஒன்றுவிட்ட தங்கை ஐறீன் அறை வாடகைக்குக் கொடுப்பவள். அவள் பதிவுத் துண்டைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள்.

"கோவிக்காதீங்க. கொழும்பில குண்டு வெடிச்ச பிறகு யாழ்ப்பாண ஆக்களுக்குக் குடுக்கப் பயமா இருக்கு."

ஏறி இறங்கிய லொட்ஜுகளிலும் அதே பதில். பிள்ளையோடு தெருவில் படுக்க முடியுமா? திரும்பி வந்தாள். கூடாரத்தைப் பிரித்தாள், அலுமாரியைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள். நிறோ தேம்பித் தேம்பி அழுதாள்.

"வாறன் எண்டு சொல்லிட்டன் அம்மா."

பொழுதுபடும் நேரம் வாசலில் ஜீப் நின்றது. விசாரிக்க வேண்டுமாம். "யமு, நோனா" என்று ஜீப்பில் ஏறச் சொன்னான் பொலிஸ்காரன். பிள்ளையையும் கூட்டிவருகிறேன் என்று அவள் கெஞ்சியதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"போயிற்று வாங்க. பிள்ளையை என்ர மடியிலயே வச்சிருப்பன்" என்றாள் அன்ரி.

பொலிஸ் நிலையத்து மரவாங்கில் அருந்ததி முள்ளில் இருப்பதுபோல் இருந்தாள். பிள்ளை தனிய என்று தமிழில் சொன்னாள், தெரிந்த சிங்களத்தில் சொன்னாள், கடைசியில் அழுதாள். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போகலாம் என்று சொன்னதும் காலிக்குப் போகும் பெருவீதியில் ஓட்டமும் நடையுமாக வந்தாள். கரண்ட் இன்னும் வரவில்லை.

படிக்கட்டின் அடியில் அன்ரி செபமாலையோடு குந்தியிருந்தாள். அவளது மடி வெறுமையாக இருந்தது.

"தட்டுக் கேட்டுச்சு. பிள்ளை என்ர கையை உதறிப்போட்டு மேல ஓடிட்டு. எனக்குக் கால் வரல்ல மகள்."

அருந்ததி மேலே ஓடினாள்.

அலுமாரி தள்ளியிருந்தது. வளர்ந்தவளே மூச்சைப் பிடித்துத் தள்ள வேண்டிய அலுமாரி.

கூடாரம் கட்டியிருந்தது. இழுகயிறு ஒன்றுகூடத் தளரவில்லை.

உள்ளே, இருட்டில், நிறோ சம்மணம் கட்டி இருந்தாள். அதே சட்டை, அதே பின்னல். அழவில்லை. அருந்ததி விழுந்தடித்து உள்ளே போய் அவளை அள்ளி மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். பெற்ற வயிறு குளிர்ந்தது.

"பயந்தனியா, என்ரை குஞ்சு?"

"இல்லை. எனக்கு இருட்டுப் பழக்கம்."

பிள்ளையின் உடம்பு சுட்டது. காய்ச்சலோ என்று நெற்றியில் முத்தமிடக் குனிந்தாள்.

தலைமயிர் கரி மணத்தது.

அப்போது சுவர் தட்டியது.

டொக். டொக். டொக். டொக்.

ஒரு மூச்சு.

டொக். டொக்.

எந்தக் காட்டிலும் அவள் கண்டுபிடிக்கும் தட்டு. அருந்ததி பதில் தட்டக் கையை ஓங்கினாள். மடியில் இருந்தது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. சின்னக் கைதான். அசைக்க முடியவில்லை.

"பதில் குடுக்காதேங்கோ அம்மா" என்றது நிறோவின் குரலில். "குடுத்தா போக வேணும்."

போகத்தான் அவள் துடித்தாள். கை வரவில்லை. கத்த வாயைத் திறந்தாள், குரலும் வரவில்லை.

கரண்ட் வந்தது. ஒழுங்கைப் பிள்ளைகள் "ஹோ" என்று கூவினார்கள். வெளிச்சத்தில் அது நிறோவாகவே இருந்தது, கன்னத்து மச்சம்வரை. அது தாயின் நெஞ்சில் தலை சாய்த்துக் கண்ணை மூடியது. மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

சுவர் மறுபடி தட்டியது. நாலு. ஒரு மூச்சு. இரண்டு.