கொக்கியில் கட்டிய கூடு

பழைய துறைமுக அலுவலகத்தின் காவலம்மா ஓய்வு பெற்ற நில அளவையாளர் வீட்டு வாசலில் ஒரு சுற்றுலா விளம்பரத் தாளோடு வந்து நின்றாள். தாளில் அவள் படம். கீழே, ‘எங்கள் தீவின் பாரம்பரியம் அழைக்கிறது’.

“என் சிரிப்பைப் போட்டுத்தான் ஊரைக் கூப்பிடுறாங்க ஐயா. இப்ப நான் கப்பல் மணியைத் திருடிட்டேனாம். ஆபீஸ் வாசல்ல வெச்சு, கடைக்காரங்க எல்லார் முன்னாடியும் திருடின்னாங்க. நாளைக்குப் போலீசாம்.”

அளவையாளர் செருப்பை மாட்டினார். துப்பு என்றால் சோற்றை மறக்கும் அவருடைய சகலை அதற்குள் தெருவில் இறங்கியிருந்தார்.

சுற்றுலா அதிகாரி துறைமுக அலுவலகக் கூடத்தில் காத்திருந்தார். “மகள் பிரசவத்துக்கு இவ போன ஒரு மாசமும் கட்டடம் பூட்டியே கிடந்தது. சாவி என்கிட்ட. ஞாயிறு மத்தியானம் நானே மணியை அடிச்சுப் பார்த்தேன். சாயங்காலம் சாவியை இவகிட்ட கொடுத்தேன். இன்னிக்குக் காலையில மணி இல்லை. இதுக்கு மேல என்ன வேணும்?”

மணி தொங்கிய உத்தரத்தில் வெறும் இரும்புக் கொக்கி. அதன் வளைவை அடைத்து உள்ளங்கையளவு மண்கூடு.

“காலையில ஒட்டடை அடிக்கும்போது இதைத் தட்டலையாம்மா?” என்றார் அளவையாளர்.

“குளவிக்கூடுங்க. உள்ளே குஞ்சு இருக்கும். பாவம், பறந்ததும் தட்டிக்கலாம்னு விட்டேன்.”

“திருடிக்கு இரக்கம் வேற,” என்றார் அதிகாரி.

அளவையாளர் நாற்காலியில் ஏறிப் பார்த்தார். நான்கு அறைகள். மூன்று மூடியிருந்தன, ஒன்றில் வட்டமாக ஓட்டை.

“சகலை, குளவி கூடு கட்டி, குஞ்சு வெளியே வர எத்தனை நாளாகும்?”

“எங்க ஜன்னல்ல மூணு வாரமாச்சு. உங்க கொழுந்தியா துடைப்பத்தோட காவல் இருந்தாளே.”

“இதிலே ஒண்ணு பறந்தே போயிடுச்சு. அப்ப மூணு வாரமா இந்தக் கொக்கியில மணி இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்க அடிச்ச மணி எங்கே தொங்குச்சு சார்?”

அதிகாரியின் முகம் செத்துப்போயிற்று. “புது விடுதி முதலாளி தோட்டத்து அலங்காரத்துக்குக் கேட்டார், கொடுத்துட்டேன். இப்ப திருப்பித் தர மாட்டேங்கிறார்.”

ஒருநாளும் உயராத அளவையாளரின் குரல் உயர்ந்தது. “பாரம்பரியம் அழைக்குதுன்னு தாள் அச்சடிக்கிறீங்க. அதை இருபது வருஷம் துடைச்ச கையில விலங்கு மாட்டப் பார்த்தீங்களே. அந்தக் குளவிக்கு இவ இடம் விட்டா. கடவுள் இவளுக்கு அதையே சாட்சியா அனுப்பினார்.”

“மன்னிச்சிரும்மா,” என்றார் அதிகாரி. “அவர்கிட்ட சண்டை போட்டாவது நாளைக்கே கொண்டு வந்து மாட்டிடறேன்.”

காவலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கொண்டு வாங்க. அதே வாசல்ல, அதே ஜனங்க முன்னாடி நடந்ததைச் சொல்லிட்டு அடிங்க. ஆனா மாட்டக் கூடாது. மிச்சம் மூணும் பறக்கிற வரைக்கும் கையிலேயே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க.”

“எடை எவ்வளவு இருக்கும்?” என்றார் சகலை ஆவலாக.

“பதினெட்டு கிலோ. தினமும் இறக்கித் துடைக்கிறவளுக்குத் தெரியாதா?”